ஸ்கேன் பழக எது நல்லது: சேரின் அறையா, சீனியரின் குப்பியா, கைபேசித் திரையா?

நான் பார்த்த முதல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் எனக்குத் தெரிந்தது கூட்டாளி ஒருத்தனின் பின்கழுத்துத்தான். கொழும்பில் ஒரு போதனா வைத்தியசாலை. திரைச்சீலையை இழுத்து இருட்டாக்கிய சின்ன அறை, ஒரு மெஷின், ஒரு கதிரியக்க நிபுணர், அவரைச் சுற்றி வெள்ளைக் கோட்டுப் போட்ட 11 பேர். “போர்ட்டல் வெய்ன் தெரியுதா?” என்று ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்தைக் காட்டிச் சேர் ஆங்கிலத்தில் கேட்டார். “யெஸ் சேர்” என்று 11 பேரும் சொன்னோம். முன்னுக்கு நின்ற மூன்று பேரைத் தவிர மற்ற எல்லோரும் சொன்னது பொய். சேருக்கும் அது தெரிந்திருக்கும். வெளியே வாங்கில் நோயாளர் வரிசையாக இருக்கிறார்கள், அவர் என்ன செய்வார்?

சில மாதங்கள் கழித்து, எங்களுக்கு இரண்டு பட்ச் மேலே படித்த ஒரு அக்கா, பின்னேரம் நாலு மணிக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பழைய மெஷினுக்கு முன்னால் நிறுத்தினார். கட்டிலில் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தவன் என் ரூம்மேட். அன்றைக்குத்தான் புரோப், அதாவது தோல்மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவி, என் கைக்கு வந்தது.

“அக்கா, இடது கிட்னி வருதில்லை.”

“வராது. நீர் முன்னுக்குத் தேடுறீர். அது முதுகுப் பக்கம் கிடக்கு. கையைப் பின்னுக்குக் கொண்டு போம். இன்னும். உம்மட விரல் மொழி பெட்சீற்றில முட்டுதே?”

“இல்லை.”

“அப்ப நீர் இன்னும் தேடத் தொடங்கேல்லை.”

விரல் மொழி பெட்சீற்றில் உரசியது. சாம்பல் மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் மண்ணீரல் வந்தது, அதன் பக்கத்தில் அவரை விதை மாதிரிச் சிறுநீரகம். இன்றைக்கும் என் ஜூனியர்களுக்கு அந்த வரியை மாற்றாமல் அப்படியே சொல்கிறேன்.

இப்போது இன்டேர்ன் முடித்து, அடுத்த நியமனம் வரும்வரை ஒரு மருத்துவ பீடத்தில் டெமோன்ஸ்ட்ரேட்டராக நிற்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து கேட்கிறார்கள்: “அண்ணா, ஸ்கேன் பழக எங்க போறது?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு சொல் விளக்கம். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் சீனியரோ, கூடப் படிக்கும் கெட்டிக்காரரோ மற்றவர்களை இருத்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பதைக் குப்பி என்போம். சிங்களத்தில் குப்பிய. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்துப் பெயர் என்பார்கள். குப்பிக்கு வரவுப் பதிவு இல்லை, சம்பளம் இல்லை, கால அட்டவணையில் இடமும் இல்லை. ஆனாலும் குப்பி இல்லாமல் பாஸ் பண்ணிய ஒருத்தரை எனக்குத் தெரியாது.

ஸ்கேனுக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்பவர் டெங்கு சீசனில் இங்கே இரவு டியூட்டி பார்த்திருக்க மாட்டார். 2017 இல் மட்டும் நாட்டில் 186,000 இற்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியத் தொடங்கும். அந்த ஆபத்தான கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம். கசிவு தொடங்கிவிட்டதா என்று ஸ்கேனில் தேடினால் நுரையீரலுக்கு அடியில், அதுவும் பெரும்பாலும் வலப்பக்கம், கசிந்த நீர் ஒரு மெல்லிய கறுப்புப் பட்டையாகத் தெரியும். ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே இன்னொன்று தெரியலாம். பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருக்கும். என் இன்டேர்ன் வாட்டில் இரவு 2 மணிக்கு இதைத் தேடியது நிபுணர் அல்ல. கண் எரிய எரிய நின்ற எச்.ஓ. (இன்டேர்ன் டொக்டர்), அதாவது நான்.

ஆக ஸ்கேன் என்பதில் இரண்டு வேலை இருக்கிறது. படத்தை எடுப்பது ஒன்று, எடுத்த படத்தை வாசிப்பது மற்றது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு “யார் நல்ல ஆசிரியர்” என்று கேட்பதால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. என் பதில் முழுக்க இந்தப் பிரிவினையில்தான் நிற்கிறது.

சேரின் அறை

நிபுணரிடம் படிப்பதில் உள்ள பெரிய லாபம் அவருடைய நோயாளர்கள். ஒரு காலை லிஸ்ட்டில் பித்தப்பைக் கல், கொழுப்பு ஈரல், நீர் தேங்கி வீங்கிய சிறுநீரகம், நடுவில் யாரும் எதிர்பாராத ஒரு கட்டி. நாங்கள் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்தால் வருவதெல்லாம் 22 வயது ஆரோக்கியமான ஈரல்கள். நோயே காணாத கண் நோயை எப்படிப் பிடிக்கும்?

அடுத்தது, பிழை பிடிக்கும் கண். இன்டேர்ன் காலத்தில் ஒரு பையன், டெங்கு நாலாம் நாள். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில் கறுப்பாக ஒரு பட்டை கண்டேன். கசிவு என்று பெட்ஹெட் டிக்கெட்டில், அதாவது நோயாளரின் குறிப்பேட்டில், எழுதியும் விட்டேன். நல்லவேளை, பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, பிளாஸ்மா கசிந்தால் கூடும்) ஏறாமல் இருந்ததால் சலைன் அளவை யாரும் மாற்றவில்லை. காலையில் வந்த கதிரியக்க நிபுணர் மெடம் அதே இடத்தில் புரோப்பை வைத்து ஐந்து செக்கனில் சொன்னார்: “பட்டையின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இருக்கிறதே, பார்த்தீர்களா? இது சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு. நீர் என்றால் இடுக்குகளில் கூராகப் போய் முடியும். மூச்சு விடும்போது இந்தப் பட்டை சிறுநீரகத்தோடு சேர்ந்தே ஆடுகிறது.” அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்கு நாலு சீனியர்மார் சொல்லித் தந்திருக்கிறார்கள். அங்கே கொழுப்பு நீர் வேசம் போடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

கைக்கு வரும்போது கதை மாறுகிறது. அம்மாவிடம் கறிக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டுப் பாருங்கள். “அளவாப் போடு” என்பா. நிபுணரும் அப்படித்தான். புரோப்பை தோல்மேல் வழுக்கிக்கொண்டு போகலாம், இருந்த இடத்திலேயே விசிறி மாதிரிச் சரிக்கலாம், நீளவாக்கில் முன்னும் பின்னும் ஆட்டலாம், திருகலாம், அழுத்தலாம். ஐந்து அசைவுக்கும் ஐந்து வேறு படம் வரும். நிபுணர் வாயில் ஐந்துக்கும் ஒரே சொல்: “கொஞ்சம் ஆங்கிள் பண்ணு.” எந்தப் பக்கம், எவ்வளவு என்று கேட்டால், புரோப்பை வாங்கித் தானே செய்து காட்டிவிடுவார். படம் பளிச்சென்று வரும். உங்கள் கைக்கு ஒன்றும் வராது.

பயமும் இருக்கிறது. சேருக்கு முன்னால் “தெரியவில்லை” என்று சொல்லும் துணிச்சல் எங்கள் பள்ளிக்கூடங்கள் எங்களுக்குப் பழக்கியதல்ல. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிபுணர்கள் பலர் வெளிநாடு போனார்கள். நின்றவர்களின் லிஸ்ட் நீண்டது. “சேர், இன்னொரு தரம்” என்று கேட்க இப்போது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நடுவில் ஒருவர் உண்டு, பட்டப்பின் மருத்துவ நிறுவனமான பி.ஜி.ஐ.எம்.மில் எம்.டி. ரேடியோலஜி, அதாவது கதிரியக்க நிபுணராகும் பயிற்சியில் இருக்கும் ரெஜிஸ்ட்ரார். நோயும் பார்த்தவர், தான் தடுமாறியதையும் இன்னும் மறக்காதவர். கேட்க இவர்தான் மிகச் சரியான ஆள் போலத் தோன்றும், உண்மையும் அதுதான். ஆனால் அந்த நீண்ட லிஸ்ட்டைச் சுமப்பதும் இவரே, தன் சோதனைக்குப் படிப்பதும் இவரே. கிடைத்தால் விடாதீர்கள். கிடைப்பார் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சீனியரின் குப்பி

சீனியருக்குத் தெரிந்தது குறைவு. அதே காரணத்தால், எது தெரியாமல் நீங்கள் நிற்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவரும் இடது சிறுநீரகத்தை முன்பக்கம் தேடி வியர்த்தவர். விலா எலும்பின் நிழல் படத்தைக் குறுக்கே வெட்டினால் புரோப்பைக் கொஞ்சம் திருகி இரண்டு விலாவுக்கு நடுவே சரியவிடச் சொல்வார். குடல் வாயு மறைத்தால் பதறாமல் மெதுவாக அழுத்தி அதை ஒதுக்கச் சொல்வார். இவையெல்லாம் நிபுணர் எப்போதோ மறந்துபோன கஷ்டங்கள்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலை ஆராய்ந்தவர்கள் 1990களிலேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் அறிவு நெருக்கம் என்று சொல்லலாம். மாணவன் எந்தச் சொற்களில் யோசிக்கிறானோ அந்தச் சொற்களில் ஆசிரியர் பேசுவது என்று பொருள். ஜேர்மனியின் ஆஹன் நகரில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். மூட்டு, தசை ஸ்கேனை ஒரு கூட்டத்துக்குப் பயிற்றுவிக்கப்பட்ட மாணவ ஆசிரியர்களும் மற்றக் கூட்டத்துக்குத் துறை ஆசிரியர்களும் கற்பித்தார்கள். 2010 இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு கூட்டமும் தேர்வில் பெரிதாக விலகவில்லை. “பயிற்றுவிக்கப்பட்ட” என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குப்பிகளில் இல்லாதது அதுதான். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

கொழும்பில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்குச் சீனியர் மட்டுமே சொல்லித் தரும் ஒரு பாடம் உண்டு. விரிவுரை ஆங்கிலத்தில். கட்டிலில் கிடப்பவர் பெரும்பாலும் சிங்களம். வடக்கிலிருந்தோ மலையகத்திலிருந்தோ மாற்றி அனுப்பப்பட்டவர் என்றால் தமிழ். ஈரலை விலாவுக்குக் கீழே இறக்க வேண்டுமென்றால் அவரை மூச்சு இழுத்துப் பிடிக்கவைக்க வேண்டும். “ஹுஸ்ம இஹலட்ட கன்ன... அல்லகென இன்ன...” என்று அக்கா எங்களைப் பத்துத் தரம் சொல்லவைத்தார். தமிழில் என்றால் “மூச்சை நல்லா இழுங்கோ, பிடிச்சுக்கொண்டிருங்கோ” என்று வாய் தானாகச் சொல்லும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்குச் சிங்களத்தில் அந்த இரண்டு துண்டும் வந்தன, மூன்றாவது வரவில்லை. ஒரு நாள் ஒரு அம்மாவை மூச்சுப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பித்தப்பை தெரிந்த சந்தோசத்தில் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனுசி முகம் சிவந்து, கண் பிதுங்கி, என்னை விட மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தா. பின்னாலிருந்து அக்காதான் சத்தம் போட்டார்: “ஹுஸ்ம பஹலட்ட தான்ன!” மூச்சை விடுங்கோ என்பதுதான் அந்த மூன்றாவது துண்டு. எந்தப் பாடவிதானத்திலும் இதற்கு மணித்தியாலம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

சரி, இப்போது குப்பியின் நோய்.

பைனல் இயரில் நானும் குப்பி எடுத்தேன். இதயத்தின் நீளவாட்டுத் தோற்றத்துக்கு, புரோப்பின் பக்கத்திலுள்ள குறி நோயாளரின் வலது தோளைப் பார்க்க வேண்டும் என்று என் சீனியர் எனக்குச் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன். சொன்னது சரிதான். ஆனால் திரையிலும் ஒரு புள்ளி இருக்கிறது. வயிற்று ஸ்கேனில் அது இடப்பக்கம் நிற்கும். இதயத்துக்கான செட்டிங்கை அமுக்கினால் வலப்பக்கம் போய்விடும். நாங்கள் வயிற்றைப் பார்த்த கையோடு செட்டிங்கை மாற்றாமலே இதயத்தைப் பார்த்தோம். கண்ணாடியில் பார்த்த மாதிரி, இடப்பக்கம் வரவேண்டிய இதய நுனி வலப்பக்கம் வந்தது. எங்களுக்கு அதுவே சரியான படம். என் சீனியர், நான், என் ஜூனியர்கள் என்று மூன்று பட்ச் முதுசம் மாதிரி அந்தப் பிழையைக் கைமாற்றி வந்திருக்கிறோம். கடைசியில் ஜூனியர்கள் இதயப் பிரிவில் பயிற்சிக்கு நின்றபோது ஒரு சேர், “இதை உங்களுக்கு ஆர் படிப்பித்தது?” என்று கேட்க, நாலு பேர் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்களாம்.

நிபுணரிடம் இந்தப் பிழை நடக்காது. நடந்தாலும் மூன்று வருடம் ஓடாது. சீனியர் தான் அறியாததை அறியாமலே கொடுப்பார், வாங்குபவருக்கும் அது தெரியாது.

இன்னொன்று இதைவிட ஆழத்தில் கிடக்கிறது. எங்கள் ஊர் வளாகங்களில் சீனியர் என்ற சொல்லுக்குப் பின்னால் பகிடிவதை (ராகிங்) நிற்கிறது. அதைத் தடை செய்யும் சட்டம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம். சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. பகிடிவதைக்கு அடங்காத ஜூனியரைப் பட்ச் ஒதுக்கும்போது குப்பியிலிருந்தும் ஒதுக்கும். என் அறையில் இருந்த ஒருத்தனுக்கு முதலாம் வருடத்தில் அதுதான் நடந்தது. ஒரு குறிப்பும் வரவில்லை, ஒரு குப்பிக்கும் அழைப்பு வரவில்லை. எல்லோரும் போன பிறகு நான் படித்ததை இரவில் அவனுக்குச் சொல்லுவேன். ஆகவே குப்பியை முழுக்க சீனியர்மாரின் தயவில் விட்டு, அதற்கு மென்டரிங் என்று பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெயர்ப் பட்டியலைப் பீடம் போட வேண்டும். வட்ஸ்அப் குறூப் அட்மின் அல்ல.

சொல்லிக்கொடுக்கும் சீனியருக்கு என்ன லாபம்? அறிவில் என்றால் அவருக்குத்தான் பெரும்பங்கு. ஆசானிடம் எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கால் பங்கு, கூடப் படிப்பவரோடு பழகி இன்னொரு கால், பிறருக்கு விரித்துச் சொல்லும்போது மீதி அரை என்று நன்னூல் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. என் அனுபவத்தில் அந்தக் கணக்கு இம்மியும் பிசகவில்லை. திரைப்புள்ளி ஏன் இடம் மாறுகிறது என்று நான் சரியாக விளங்கிக்கொண்டது, அந்த நாலு பேரையும் திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுத் திருத்திய அன்றைக்குத்தான்.

காலத்தில் என்றால் அவருக்கு நட்டம். எங்கள் நாட்டில் இன்டேர்ன் நியமனம் மெரிட் லிஸ்ட்டின்படி நடக்கிறது. பைனல் எம்.பி.பி.எஸ்.ஸில் பத்து இடம் கீழே போனால் வீட்டுக்குப் பக்கத்து வைத்தியசாலை கைவிட்டுப் போகலாம். அப்படி இருக்க, வாரம் மூன்று மணித்தியாலத்தை ஜூனியர்களுக்குக் கொடு என்று சும்மா கேட்பது நியாயமில்லை. ஒரு சான்றிதழ், நிபுணரோடு தனியாக ஒரு மணித்தியாலம், ஏதோ ஒன்று கொடுக்க வேண்டும்.

ஒரே பட்ச்

சீனியரும் இல்லாமல் தங்களுக்குள்ளேயே பழகுகிறோம் என்பவர்களுக்கு: கை ஓட இது நல்லது, கற்க அல்ல. ஒருமுறை சரியாகச் சொல்லித் தந்ததை ஐம்பது தரம் செய்து பார்க்க ஒரே பட்ச் கூட்டாளியைவிட மலிவான ஆள் இல்லை. காசு கேட்க மாட்டான், ஒரு பிளேன்டீ போதும்.

இரண்டு விசயத்தை மட்டும் முதலே பேசிவையுங்கள். பெண் பிள்ளைகளின் வயிற்றையோ நெஞ்சையோ ஸ்கேன் செய்யும் குழு பெண்கள் குழுவாக இருக்கட்டும். படுக்க விருப்பமில்லை என்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். “எல்லாரும் படுத்தாச்சு, நீர் மட்டும் என்ன?” என்ற கேள்வியே ஒரு பகிடிவதை. மற்றது, கூட்டாளியின் உடம்பில் ஏதாவது தட்டுப்பட்டால் என்ன செய்வது என்பது. எங்கள் குழுவில் ஒருத்தனுக்குப் பித்தப்பையில் கல் மாதிரி ஒன்று தெரிந்தது. அரை மணித்தியாலத்தில் பட்ச் முழுக்கத் தெரிந்துவிட்டது, அவனுடைய அம்மாவுக்கு மட்டும் தெரியாது. அப்படி ஒன்று கண்டால் வாயை மூடிக்கொண்டு, அவரைத் தனியே கூப்பிட்டு, முறையாக ஒரு நிபுணரிடம் அனுப்ப வேண்டும். யார் அனுப்புவது என்பது தொடங்கும் நாளிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

திரையும் கைக்கருவியும்

யூரியூப் வீடியோவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒலி உடல் திசுவில் செக்கனுக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் வேகத்தில் போகிறது, மெஷின் அந்த வேகத்தை வைத்தே ஆழத்தைக் கணக்கிடுகிறது. வளைந்த புரோப் 2 முதல் 5 மெகாஹேர்ட்ஸ் என்பதால் ஆழமாகப் பார்க்கும், நேர்ப் புரோப்பின் அதிர்வெண் அதைவிடக் கூட என்பதால் தோலுக்குக் கிட்ட உள்ளதைத் துல்லியமாகக் காட்டும். இதையெல்லாம் சொல்ல நிபுணரும் வேண்டாம், சீனியரும் வேண்டாம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கேட்கலாம். ஆழம் கூட்டுவது, வெளிச்சம் குறைப்பது போன்ற குமிழ் வேலைகளும் அப்படியே.

ஆனால் வீடியோவில் உள்ள கை உங்களுடையது அல்ல. புரோப் வழுக்குவதும், ஜெல் காய்ந்து படம் உடைவதும், மணிக்கட்டு உளைவதும் திரையில் தெரியாது. நீங்கள் பிழையாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று வீடியோ சொல்லவும் மாட்டாது.

பொம்மை உடம்பில் பழகும் சிமுலேட்டர் அதைச் சொல்லும், விலைதான் எட்டாது. கைபேசியில் செருகும் கைக்கருவி எட்டும் போலத் தெரியும், கிட்டப் போனால் தெரியும் நிலைமை. பட்டர்ஃபிளை ஐகியூவுக்கு 2017 இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வழமையான புரோப்பில் உள்ள படிகத்துக்குப் பதிலாகச் சிப்பால் ஒலி எழுப்பி, ஒரே புரோப்பில் உடம்பு முழுவதையும் பார்க்கும் கருவி. அறிமுகமானபோது விலை ஏறத்தாழ 2,000 டொலர், அதற்கு மேல் வருடாந்தக் கட்டணம். அந்த 2,000 டொலர், 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றபோது 4 இலட்சம் ரூபாய். அதே வருடம் மே மாதம் டொலர் 360 ஐத் தொட்டபோது 7 இலட்சத்துக்கும் மேல். வெள்ளவத்தையில் அறை வாடகையைப் பங்கு போட்டுக் கொடுக்கும் பிள்ளை இதை எங்கே வாங்குவது?

ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசி போடப் பழக மட்டும் ஒரு மலிவு வழி உண்டு. கடற்பாசி காய்ச்சி, ஆறுமுன் அதற்குள் திராட்சைப் பழங்களைப் போட்டு இறுகவிடுங்கள். ஸ்கேனில் திராட்சை கறுப்பு வட்டமாக நீர்க்கட்டி மாதிரித் தெரியும், ஊசியை அதற்குள் கொண்டுபோய்ப் பழகலாம். சீனி போட வேண்டாம். எறும்பு வந்து மெஷினுக்குள் போன அனுபவம் எங்களுக்கு உண்டு.

நான் எதைச் சொல்வேன்

அமெரிக்காவின் சவுத் கரோலைனா பல்கலைக்கழகம் 2006 இலிருந்து மருத்துவப் படிப்பின் நாலு வருடத்திலும் அல்ட்ராசவுண்டைப் பின்னிவிட்டது. உடற்கூறு படிக்கும்போதே உயிருள்ள ஈரலைப் பார்க்கிறார்கள். எங்கள் கொழும்பும் 1870 இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி உள்ள ஊர்தான். இங்கும் அப்படி வந்தால் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடலாம். நான் படித்தபோது எங்களுக்கு வாய்த்தது குப்பிதான், அதை வைத்தே சொல்கிறேன்.

குமிழும் பௌதிகமும் ஒரு பின்னேரம் வீடியோவில் முடியட்டும். புரோப் பிடிக்க சீனியரிடம் போங்கள். ஒரு மெஷினுக்கு நாலு பேருக்கு மேல் சேர்க்கும் சீனியரிடம் போகாதீர்கள், அது சேரின் அறைதான், ஏ.சி. மட்டும் இருக்காது. கை ஓட ஒரே பட்ச். இதுவரை நிபுணரின் நேரம் ஒரு நிமிடமும் செலவாகவில்லை.

அவருடைய நேரத்தை நான் கேட்பது வேறு இடத்தில். 11 பேரை அவருடைய இருட்டு அறைக்குள் அடைக்காமல், 11 பேர் எடுத்த படங்களை அவரிடம் கொண்டுபோக வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, லிஸ்ட் முடிந்த பிறகு 20 நிமிடம். கொழுப்பை நீர் என்றவனையும், இதயத்தைக் கண்ணாடியில் பார்த்தவனையும் அவர் அந்த 20 நிமிடத்தில் பிடித்துவிடுவார். சீனியரிடம் எவ்வளவு பழகியிருந்தாலும் நோயாளருக்கு முடிவு சொல்லும் வேலை மாணவனுடையது அல்ல, சீனியருடையதும் அல்ல. “தங்கச்சி, எனக்கு என்ன இருக்கு?” என்று கட்டிலில் கிடப்பவர் கேட்டால், “டொக்டர் பார்த்துச் சொல்லுவா, அம்மா” என்பதுதான் ஒரே பதில்.

இதைத்தான் மூன்று மாதமாக வியாழக்கிழமைகளில் செய்து பார்க்கிறோம். ஜெல் செலவு என்னுடையது. படங்களைப் பார்க்கச் சம்மதித்த மெடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நோயாளரின் பெயர் இருக்கக் கூடாது, எடுத்தவரின் பெயரும் அவருக்குப் படிப்பித்தவரின் பெயரும் இருக்க வேண்டும். சீனியர்மார் இருவர் முகம் சுழித்தார்கள். போன கிழமை போன 12 படங்களில் இரண்டில் திரைப்புள்ளி பிழையான பக்கம் நின்றது. இரண்டின் கீழும் ஒரே சீனியரின் பெயர். நேற்றுப் பின்னேரம் அவரைக் கூப்பிட்டு என்னுடைய கண்ணாடி இதயக் கதையைச் சொன்னேன். இந்த வியாழன் முதலில் புரோப் பிடிப்பது அவர்தான், பக்கத்தில் நிற்பது நான்.